கோயில் வங்குரோத்தானால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கும்? திருகோணமலையில் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் உயர் மறைமாவட்டம், குருக்களால் சிறு வயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்கு 230 மில்லியன் டொலர் கொடுக்க, தனது வங்குரோத்து வழக்கின் முடிவாக, 2025இல் உடன்பட்டது. அந்தச் செய்தி வந்த நாள் தொடக்கம் பூசை முடிந்து வாசலில் நிற்கும்போதும், ஸ்காபரோவிலிருந்து வரும் வைபர் அழைப்புகளிலும் என்னிடம் கேள்விகள் வருகின்றன. நியூ ஓர்லியன்ஸ் எங்கள் ஊருக்குப் புதிய பெயர் இல்லை. அந்த மாகாணத்து இயேசு சபைக் குருக்கள் கடல் கடந்து வந்து திருகோணமலைப் பள்ளிக்கூடங்களில் பல தலைமுறைக்குப் படிப்பித்தவர்கள். (அந்தச் சபையும் இந்த வழக்கில் உள்ள உயர் மறைமாவட்டமும் வேறு வேறு. ஏன் என்று கீழே வரும்.)

நான் சட்டத்தரணி இல்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் தமிழில் தயங்கித் தயங்கிச் சொன்னதை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பிச் சொன்ன வாய் இது. நானும் கோயில் பிள்ளைதான். உங்கள் தனிப்பட்ட விடயத்துக்கு ஒரு சட்டத்தரணியிடம் கட்டாயம் போங்கள். போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து போவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வங்குரோத்து என்றால் கோயிலிடம் காசு இல்லை என்றா அர்த்தம்?

இல்லை. இந்தச் சொல்லை நாங்கள் எல்லாரும் 2022இல் படித்துக்கொண்டோம். அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்காகத் துறைமுகத்தையும் ஆஸ்பத்திரியையும் யாரும் ஏலம் போடவில்லை. கட்டுவதை நிறுத்தி வைத்துவிட்டு, கடன் கொடுத்தவர்களோடு மேசையில் இருந்து பேசி, எவ்வளவு, எப்போது என்று தீர்மானித்தார்கள்.

அமெரிக்க வங்குரோத்துச் சட்டத்தின் 11ஆம் அத்தியாயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மறைமாவட்டம் தானாகவே நீதிமன்றத்துக்குப் போகிறது. இலாப நோக்கமற்ற அமைப்பை வேறு யாரும் வலிந்து வங்குரோத்துக்குள் தள்ள முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மனு விழுந்த நிமிடமே அந்த மறைமாவட்டத்துக்கு எதிரான வழக்குகள் எல்லாம் நின்றுவிடும். பிறகு நீதிமன்றம் ஒரு கடைசித் திகதி போடும்; பாதிக்கப்பட்டவர்கள் அதற்குள் தங்கள் கோரிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டும். நியூ ஓர்லியன்ஸில் அந்தத் திகதி 2021 மார்ச் 1. பாதிக்கப்பட்டவர்களிலிருந்து ஒரு குழு நியமிக்கப்படும். மறைமாவட்டமும் காப்புறுதிக் கம்பனிகளும் அந்தக் குழுவும் வருடக்கணக்காகப் பேசும். கடைசியில் ஒரு திட்டம் வரும், பாதிக்கப்பட்டவர்கள் அதற்கு வாக்களிப்பார்கள், நீதிபதி ஏற்றுக்கொண்டால் காசு ஒரு நம்பிக்கை நிதியத்துக்குப் போய் அங்கிருந்து பங்கிடப்படும்.

பூசை நிற்காது. பள்ளிக்கூடம் மூடாது. கோயில் மணி அடிக்கும்.

பாதிக்கப்பட்டவரை ஏன் 'கடன் கொடுத்தவர்' என்று சொல்கிறார்கள்? அவர் யாருக்கும் கடன் கொடுக்கவில்லையே.

இதை என்னிடம் கேட்டவர் ஒரு தாய். அந்தச் சொல் அவருக்குக் குத்தியிருக்கிறது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

வங்குரோத்து நீதிமன்றத்தில் இரண்டு தரப்புத்தான் உண்டு: கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவர். வங்கியும், கட்டடம் கட்டிய ஒப்பந்தக்காரரும், ஒன்பது வயதில் நாசமாக்கப்பட்டு இன்று ஐம்பது வயதாகி நிற்கும் மனிதரும் அங்கே வாங்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறார்கள். அவர் ஆயரின் இரக்கத்துக்காகக் கையேந்தி நிற்கவில்லை. தனக்கு வர வேண்டியதைக் கேட்கிறார். எங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் "சுவாமி ஏதோ பார்த்துச் செய்வார்" என்பார்கள். பார்த்துச் செய்வது தர்மம். கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது கடன் தீர்ப்பது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

இது எப்போது தொடங்கியது?

2002இல் பொஸ்டன் உயர் மறைமாவட்டத்து விடயங்கள் வெளியே வந்தபின். பொஸ்டன் வங்குரோத்துக்குப் போகவில்லை. 2003இல் 552 பேருக்கு 85 மில்லியன் டொலர் கொடுத்து முடித்தது. முதலாவதாக வங்குரோத்துக்குப் போனது ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து உயர் மறைமாவட்டம், 2004 ஜூலையில். அதே வருடம் டூசன், ஸ்போக்கேன். இன்றைக்கு அமெரிக்காவில் 30க்கு மேற்பட்ட மறைமாவட்டங்களும் சில துறவற சபைகளும் இந்த வழியால் போயிருக்கின்றன.

கவனிக்க வேண்டியது, அவை போன நேரம். நியூயோர்க் மாநிலம் 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: காலம் கடந்துவிட்டது என்று முன்னர் மூடப்பட்ட சிறுவர் துன்புறுத்தல் வழக்குகளைத் திரும்பப் போடலாம், அதற்கு ஒரு வாசல் குறிப்பிட்ட காலத்துக்குத் திறந்திருக்கும். அந்த வாசல் 2019 ஓகஸ்ட் 14இல் திறந்து, கொரோனாவால் நீடிக்கப்பட்டு, 2021 ஓகஸ்ட் 14இல் மூடியது. திறந்து ஒரு மாதத்துக்குள் ரொச்செஸ்டர் மறைமாவட்டம் வங்குரோத்துக்குப் போனது. அந்த மாநிலத்தின் 8 மறைமாவட்டங்களில் 6 இன்று அந்த வரிசையில். மேரிலாந்தில் இதே போன்ற சட்டம் 2023 ஒக்டோபர் 1இல் அமுலுக்கு வரவிருந்தது. பால்டிமோர் உயர் மறைமாவட்டம் செப்டெம்பர் 29இல், இரண்டு நாள் முந்தி, மனுப் போட்டது.

ஆகவே, அந்த ஊர்களில் குற்றம் புதிதாக நடந்ததால் மறைமாவட்டங்கள் வங்குரோத்தாகவில்லை. காலக்கெடு என்ற பூட்டைச் சட்டம் திறந்ததால்தான். இதை மனதில் வைத்திருங்கள். எங்கள் நாட்டுக் கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

பத்திரிகையில் வரும் பெரிய தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆட்களால் பிரித்துப் பாருங்கள். சான் டியேகோ 2007இல் 144 பேருக்கு 198 மில்லியன் டொலர், சராசரி 1.3 மில்லியனுக்கு மேல். லோங் ஐலண்டிலுள்ள ரொக்வில் சென்டர் 2024இல் சுமார் 600 பேருக்கு 323 மில்லியன். சராசரி அரை மில்லியனைத் தாண்டும். அமெரிக்க சாரணர் இயக்கம், அது கோயில் அல்ல ஆனால் இதே வழியில் 2020இல் போனது, 82,000க்கு மேற்பட்ட கோரிக்கைகளுக்கு 2.46 பில்லியன். பெரிய தொகைபோல இருக்கும். பிரித்தால் ஒருவருக்கு 30,000 டொலர் அளவுதான். லொஸ் ஏஞ்சலிஸ் உயர் மறைமாவட்டம் வங்குரோத்துக்கே போகாமல் 2024இல் 1,353 பேருக்கு 880 மில்லியன் கொடுக்க உடன்பட்டது.

சராசரி என்பதும் கணக்குக்குத்தான். யாருக்கும் சமமாகக் கொடுப்பதில்லை. நிதியத்தில் ஒரு மதிப்பீட்டாளர் ஒவ்வொரு கோரிக்கையையும் வாசித்துப் புள்ளி போடுவார்: என்ன நடந்தது, எத்தனை தடவை, அப்போது வயது என்ன, பிறகு வாழ்க்கை எப்படிப் போனது. அந்தத் தொகையிலிருந்து சட்டத்தரணியின் பங்கு கழியும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று அளவு.

வங்குரோத்து பாதிக்கப்பட்டவருக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

நல்லது என்று சொல்பவர்களின் நியாயம் இது: வழக்குகள் தனித்தனியே போனால் முதலில் ஓடியவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போவார், கடைசியில் வருபவருக்கு ஒன்றும் இராது. வரிசை போட்டால் எல்லாருக்கும் ஏதாவது கிடைக்கும். சாட்சிக் கூட்டில் ஏறிக் குறுக்கு விசாரணையில் கிழிபட வேண்டியதில்லை. அந்தக் குறுக்கு விசாரணையை நான் கிட்ட நின்று பார்த்தவள். ஒரு பிள்ளையிடம் ஒரே கேள்வியை ஆறு விதமாகத் திருப்பிக் கேட்பார்கள், ஆறு தடவையும் நான் அதை மொழிபெயர்க்க வேண்டும். ஆகவே இந்த நியாயத்தை நான் லேசாக எடுக்கவில்லை.

கெட்டது, வழக்கு நின்றால் உண்மை வெளிவருவதும் நிற்கும். வழக்கில்தான் ஆயரகத்துக் கோப்புகள் திறக்கும். யாருக்கு எப்போது தெரியும், தெரிந்தும் அந்தக் குருவை எந்தப் பங்குக்கு (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த சனமும்) மாற்றினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் வரும். அதனால்தான் பல இடங்களில் பாதிக்கப்பட்டவர்களின் குழுக்கள் காசோடு சேர்த்து கோப்புகளையும், குற்றம் சாட்டப்பட்ட குருக்களின் பெயர்ப்பட்டியலையும் வெளியிடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தன. அடுத்தது காலம். நியூ ஓர்லியன்ஸ் 2020 மே 1இல் மனுப் போட்டது. உடன்பாட்டுக்கு ஐந்து வருடம் எடுத்தது. கோரிக்கை போட்டவர்களில் வயதானவர்களுக்கு ஐந்து வருடம் என்பது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

மில்வாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்குரோத்துக்குப் போக முந்தி, 2007இல், அங்கிருந்த பேராயர் சுமார் 57 மில்லியன் டொலரை சேமக்காலைப் பராமரிப்புக்கான நிதியமாக மாற்ற வத்திக்கானிடம் அனுமதி கேட்டார். சட்டக் கோரிக்கைகளிலிருந்து அந்தக் காசுக்கு அதிகப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று கடிதத்திலேயே எழுதினார். அந்தக் கடிதம் பின்னர் வெளியே வந்தது. சமயச் சுதந்திரம் என்ற காரணத்தைக் காட்டி அந்தக் காசைத் தொடவிடாமல் தடுக்க முடியாது என்று 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் 21 மில்லியனுக்கு இணக்கம் வந்தது. செத்தவர்களின் கல்லறைக்கு ஒதுக்கியது 57, உயிரோடிருந்தவர்களுக்குக் கொடுத்தது 21. ஒரு கத்தோலிக்கப் பெண்ணாக எனக்கு இது வெட்கம்.

எங்கள் உண்டியல் காசும் கோயில் காணியும் போய்விடுமா?

பயத்தில் கேட்கிற கேள்வி, ஆனால் நியாயமான கேள்வி. பாலையூற்றிலோ உப்புவெளியிலோ ஒரு கோயில் எழும்பியது என்றால் அதில் மீன்பிடிக்கிற குடும்பங்களின் ஒவ்வொரு நாள் உழைப்பும் கல்லாக இருக்கிறது.

திருச்சபைச் சட்டத்தில் மறைமாவட்டம் ஒரு சட்ட ஆள், அதாவது தன் பெயரில் சொத்தும் கடனும் வைத்திருக்கக்கூடிய அமைப்பு; பங்கு இன்னொரு சட்ட ஆள், துறவற சபை வேறொன்று. நியூ ஓர்லியன்ஸ் உயர் மறைமாவட்டத்தின் கடன் அந்த ஊர் இயேசு சபையின் கடன் ஆகாது என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். ஆனால் நாட்டின் சட்டம் திருச்சபைச் சட்டத்தை அப்படியே ஏற்க வேண்டும் என்றில்லை. காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். போர்ட்லாந்தில் பங்குகளின் சொத்தும் உயர் மறைமாவட்டத்தின் சொத்துத்தான் என்று வங்குரோத்து நீதிபதி 2005இல் தீர்ப்புச் சொன்னார். பல இடங்களில் பங்குகளும் தங்கள் பங்குக்குக் காசு போட்டுத்தான் திட்டம் நிறைவேறியது.

உண்மையிலேயே கோயில்கள் விற்கப்பட்ட இடம் கனடாவின் நியூபவுண்ட்லாந்து. எங்களைப் போலவே மீனை நம்பி வாழ்ந்த கரை அது. மவுன்ட் கஷெல் அநாதை இல்லத்தில் கிறிஸ்தவ சகோதரர்கள் செய்த கொடுமைக்கு செயின்ட் ஜோன்ஸ் உயர் மறைமாவட்டமும் பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2021இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டை எடுக்க மறுத்தது. அடுத்த வருடம் கோயில்கள் விற்பனைக்கு வந்தன. 1855இல் அர்ச்சிக்கப்பட்ட அவர்களுடைய பேராலயமும் விலைப்பட்டது. பாட்டன்மார் கல் சுமந்து கட்டியதை விற்கப் பார்த்து நின்ற சனத்துக்காக என் மனம் கரைகிறது. ஆனாலும் அந்தக் கோபம் பாதிக்கப்பட்டவன்மேல் திரும்பக் கூடாது. கோயிலை விற்க வைத்தவர்கள் அந்த இல்லத்தில் இருந்த பிள்ளைகள் அல்லர்.

இலங்கையில் ஒரு மறைமாவட்டம் இப்படி வங்குரோத்துக்குப் போகலாமா?

அமெரிக்காவின் 11ஆம் அத்தியாயம் போன்ற ஒன்று இங்கே கிடையாது. தனி ஆட்களுக்கு 1853ஆம் ஆண்டின் பழைய வங்குரோத்துக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கம்பனிகளைக் கலைக்க 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இருக்கிறது. கத்தோலிக்க ஆயர்களோ, பிரித்தானியர் காலத்துக் கட்டளைச் சட்டம் ஒன்றின்படி, பதவியளவில் ஒரு கூட்டுத்தாபனம். ஆயர் மாறலாம், இறக்கலாம். ஆயர் என்ற சட்ட ஆள் இறப்பதில்லை. காணி வாங்கலாம், வழக்குப் போடலாம், அவர்மேல் வழக்கும் போடலாம்.

அந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம். வழக்குப் போடலாம். ஆனால் போடுவதற்குக் காலம் இருக்க வேண்டுமே.

சின்ன வயதில் நடந்தது. இப்போது எனக்கு நாற்பது. நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இது. நேராகச் சொல்கிறேன், கஷ்டமாக இருந்தாலும்.

எங்கள் நாட்டில் குடியியல் வழக்குகளின் காலக்கெடுவைத் தீர்மானிப்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஒருவரால் உங்களுக்கு வந்த சேதத்துக்கு, உடலுக்கோ மனதுக்கோ, நட்டஈடு கேட்க அதன் 9ஆம் பிரிவு கொடுக்கும் காலம் இரண்டு வருடம். நீங்கள் அப்போது சிறுவராக இருந்தால் அந்தச் சட்டம் கொஞ்சம் இரங்குகிறது: பராய வயது வரும்வரை கடிகாரம் ஓடாது. பராய வயது 18. ஆகவே பொதுவாக, இருபது வயதோடு கதவு மூடிவிடும்.

இருபது வயதில் ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும்? ஏஎல் முடித்து, வேலை தேடி, வீட்டில் சொன்னால் அம்மா தாங்குவாவா என்று யோசிக்கிற வயது. தனக்கு நடந்ததற்குப் பெயர் வைக்கவே பலருக்கு முப்பது, நாற்பது ஆகிறது. அதுவும் எங்கள் ஊரில். 1990இல் ஊரோடு ஓடி முகாமில் கிடந்தவர்கள், இல்லங்களில் வளர்ந்தவர்கள், சுனாமியில் வீடும் கடதாசியும் போனவர்கள் நாங்கள். முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்ற பிள்ளைக்கும் அந்த இரண்டு வருடக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று இருக்கிறது. பாராளுமன்றத்துக்குக் கடிகாரத்தை நிறுத்தத் தெரியாது என்றில்லை. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் செய்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான யுத்த காலத்தில் தங்கள் உரிமையைத் தேடி நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு, அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்றது. மூதூரிலும் தம்பலகாமத்திலும் காணி இழந்தவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தச் சட்டம் அசையாச் சொத்துக்கு மட்டும். காணிக்குக் கடிகாரம் நின்றது. பிள்ளையின் உடம்புக்கு நிற்கவில்லை.

நியூயோர்க் சட்டமும் மேரிலாந்துச் சட்டமும் செய்தது இதே வேலையைத்தான், பிள்ளைகளுக்காக. அமெரிக்க மறைமாவட்டங்களின் வங்குரோத்தைப் பார்த்து "எங்களுக்கு ஏன் அப்படிக் கிடைப்பதில்லை" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அங்கே கோயில் அதிகம் நல்லது என்றோ கெட்டது என்றோ இல்லை. அங்கே சட்டசபை வாசலைத் திறந்தது. இங்கே யாரும் திறக்கவில்லை. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டிய விடயம் இது. காணிக்குக் கேட்டோம், கிடைத்தது.

நாற்பது வயதான உங்களுக்குக் குடியியல் வழக்கு அநேகமாக மூடியிருக்கும். அதோடு எல்லாம் முடியவில்லை. குற்றவியல் வழக்கின் காலமும் உங்கள் வயதில் கடந்திருக்கும் (அடுத்த பதில்), ஆனால் திருச்சபைக்குள் முறைப்பாடு செய்வது பற்றிய பதிலைக் கீழே பாருங்கள்.

குற்றவியல் வழக்கால் நட்டஈடு வருமா?

வரும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி கொலை, அரசத் துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலம் 20 வருடம், குற்றம் நடந்த நாளிலிருந்து. பத்து வயதில் நடந்திருந்தால் முப்பது வயதுவரை. இரண்டு வருடத்தோடு பார்க்க இது அகலமான வாசல்.

1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 365ஆ பிரிவு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் பற்றியது. ஆண் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்; இதைப் பலர் அறிவதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு அந்தக் குற்றம் நடந்து தீர்ப்பானால், சிறையோடும் தண்டப்பணத்தோடும் நீதிமன்றம் தீர்மானிக்கும் நட்டஈட்டையும் குற்றவாளி கட்ட வேண்டும். ஆனால் கட்ட வேண்டியவர் குற்றம் செய்த ஆள்; அவரை அனுப்பிய நிறுவனம் அல்ல. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த துறவியின் சட்டைப்பையில் என்ன இருக்கும்? அமெரிக்காவில் காசு வந்தது நிறுவனத்திடமிருந்தும் அதன் காப்புறுதியிலிருந்தும். அந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருங்கள்.

இன்னொன்று, உங்கள் பெயர் பேப்பரில் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விபரத்தைப் பிரசுரிப்பதே 365இ பிரிவின்படி குற்றம். சிறு பிள்ளையாயின் அவருடைய வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக எடுக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஊர்ப் பெரியவர்கள் வந்து "வெளியே விடாமல் பேசித் தீர்ப்போம்" என்கிறார்கள்.

மதில் பிரச்சினையைப் பேசித் தீர்க்கலாம். இதை முடியாது. பிள்ளைமேல் நடந்த பாலியல் குற்றம் இரண்டு குடும்பத்துக்கு இடையிலான பிணக்கு அல்ல. அது அரசு தொடரும் வழக்கு, மத்தியஸ்த சபைக்கும் உரியதல்ல. காசு தந்து கடதாசியில் கையெழுத்து வாங்கினால் அந்தக் கடதாசி பொலிஸுக்குப் போகும் உங்கள் உரிமையை எடுத்துவிடாது. திருச்சபையின் சட்டமும் இப்போது இந்தப் பக்கம்தான்: 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட 'வோஸ் எஸ்தீஸ்' என்ற சட்டம், முறைப்பாடு செய்தவரின் வாயைக் கட்ட எந்த நிபந்தனையும் போடக் கூடாது என்கிறது. வருகிற பெரியவர்கள் பலர் கெட்டவர்கள் இல்லை. கோயிலின் மானத்துக்குப் பயப்படுகிறார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுங்கள், இதைச் சொல்லுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் இன்னொரு சுவாமியிடம் சொன்னேன். அது முறைப்பாடு ஆகாதா?

ஆகாது. அந்த இரகசியத்தை அவர் உடைக்க முடியாது, அதன்மேல் நடவடிக்கையும் எடுக்க முடியாது. இதை அறியாமல், "சொல்லிவிட்டேன், கோயில் ஒன்றும் செய்யவில்லை" என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே வந்து, ஒரு மேசையில் இருந்து, எழுத்தில் சொல்லுங்கள். நடந்தது உங்கள் பாவம் அல்ல. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

திருச்சபைக்குள் முறைப்பாடு செய்தால் பயன் உண்டா?

பொலிஸுக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து என்றால் உண்டு. ஆயருக்கு எழுத வேண்டும்; அவர் முதல் விசாரணை செய்து வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். முறைப்பாடு ஆயரைப் பற்றியதே என்றால் கொழும்புப் பேராயருக்குப் போகும். இலங்கை முழுவதும் ஒரே திருச்சபை மாகாணம். அங்கே காலக்கெடு, பாதிக்கப்பட்டவர் 18 வயதை அடைந்ததிலிருந்து 20 வருடம். ரோமாபுரி விரும்பினால் அதையும் தளர்த்தலாம். அதாவது 38 வயதுவரை. நாட்டின் குடியியல் சட்டம் இருபது வயதில் மூடும் கதவை, திருச்சபையின் சட்டம் முப்பத்தெட்டு வரை திறந்து வைத்திருக்கிறது. வெளியில் பரவும் பேச்சுக்கு இது நேர்மாறு என்பதால் சொல்கிறேன். குருத்துவம் பறிக்கப்படலாம், ஆனால் பெரிய நட்டஈட்டை அந்த வழியில் எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த குரு ஒருவர் இங்கே செய்தது என்றால்? அல்லது நான் இப்போது அவுஸ்திரேலியாவில் இருந்தால்?

வங்குரோத்து நீதிமன்றத்தில் கோரிக்கை போட அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. எந்த அமைப்பு அந்தக் குருவை அனுப்பியது, அது வங்குரோத்தில் இருக்கிறதா, கடைசித் திகதி போய்விட்டதா என்பவைதான் கேள்விகள். அதற்கு அந்த நாட்டுச் சட்டத்தரணிதான் தேவை.

அவுஸ்திரேலியாவில் 2018 ஜூலை 1 தொடக்கம் ஒரு தேசிய நிவாரணத் திட்டம் இருக்கிறது, உச்சம் 150,000 அவுஸ்திரேலிய டொலர். அது அங்கே நிறுவனங்களில் நடந்ததற்கு; இங்கே நடந்ததற்கு அல்ல. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2027 ஜூன் 30. வழக்கு வழியில் போக நினைப்பவர்கள் 2024 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள்: குரு ஊழியர் அல்ல, ஆகவே அவர் செய்ததற்கு மறைமாவட்டம் தானாகவே பொறுப்பாகாது என்று அது முடிவு செய்தது.

திருகோணமலையில் முதலில் எங்கே போவது?

இப்போது ஒரு பிள்ளைக்கு நடக்கிறது என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இலவசம், தமிழில் பேசலாம். அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவு. பிள்ளையைக் குளிப்பாட்ட முதல், உடுப்பை மாற்ற முதல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு. பொலிஸில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விளங்காததில் கையெழுத்துப் போடாதீர்கள். அது உங்கள் உரிமை.

எனக்குத் திகதி ஞாபகம் இல்லை. அதை வைத்தே பொய் என்று சொல்லிவிடுவார்களே.

திகதியைத் தேடாதீர்கள், பக்கத்தில் நடந்ததைத் தேடுங்கள். ஒரு தடவை ரியூசன் ஆசிரியர் ஒருவருக்கு எதிரான வழக்கில் ஒரு பையனிடம் வருடம் கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை. "பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை, அப்பா புதுச் சப்பாத்து வாங்கித் தந்தவர், அது கடிச்சது" என்றான். நான் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். சப்பாத்துக் கடை ரசீது வீட்டு அலுமாரியில் இருந்தது.

ஒரு பயிற்சிக் கொப்பி வாங்குங்கள். எந்த வகுப்பு, யார் வகுப்பாசிரியர், எந்த வீட்டில் இருந்தீர்கள், இடப்பெயர்வுக்கு முந்தியா பிந்தியா, சுனாமி வருடமா, மழைக்காலமா, மோர் மணமா மெழுகுதிரி மணமா, ஞாபகம் வருகிறபடி எழுதுங்கள். ஒரே நாளில் எழுதி முடிக்க வேண்டாம். உடம்பு நடுங்கினால் மூடி வையுங்கள். எழுதிய ஒவ்வொரு நாளும் அடியில் அன்றைய திகதியைப் போடுங்கள். எழுதியதை அழித்துத் திருத்தாதீர்கள். பிழை தெரிந்தால் கீழே புதிதாக எழுதுங்கள். கூட இருக்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு நான் வேப்பமரத்தடி வாங்கில் இருப்பேன்.